ஜிப்ஸமும் ஜலமும்: களர் நிலம் திருந்தும் வகை

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பூமி முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்த ஸ்ரீரங்கம் தீவில் ஆற்று வண்டல் படிந்த நிலங்கள் உள்ளன. அங்கே நெல்லும் வாழையும் செழித்து விளைகின்றன. காவிரியின் தென்கரையைத் தாண்டி மணிகண்டம் வட்டாரத்திற்குச் சென்றால் நிலத்தின் முகமே மாறிவிடுகின்றது. தண்ணீர் வற்றிய வயல்களில் சாம்பல் பூத்தாற்போல் வெண்மையான படலம் காணப்படும். நனைந்தால் சேறாய் வழுக்குவதும், காய்ந்தால் கல்லாய் இறுகுவதும் இம்மண்ணின் குணம். மழை பெய்தால் நீர் கீழே இறங்காமல் பல நாட்கள் கலங்கலாகவே தேங்கி நிற்கும். நட்ட நாற்றுகள் திட்டுத்திட்டாய்ப் பழுத்துக் கருகிப்போகும். இதுவே களர் நிலம் எனப்படுவது. முற்காலத்தில் துணி வெளுக்கப் பயன்பட்ட சவுட்டு மண்ணும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

களர் நிலத்திற்கு ஜிப்ஸம் இடவேண்டும் என்பதைக் குடியானவர்கள் பலரும் அறிவர். ஆயினும், ஜிப்ஸம் வாங்கி இட்டும் பிரயோஜனம் இல்லை என்று குறைப்படுவோரும் உண்டு. பெரும்பாலும் குறை ஜிப்ஸத்தில் இல்லை. அது ஜலத்தில் கரைந்து, கரைந்த நிலையில் மண்ணோடு கலந்த பின்னரே தன் வேலையைச் செய்யும். எவ்வளவு நீரில் எவ்வளவு ஜிப்ஸம் கரையும், எப்போது கரைவது நின்றுவிடும், மீண்டும் எவ்வாறு கரையத் தொடங்கும் என்பவற்றை அறியாமல் இட்டால், பணமும் ஒரு போகமும் வீணாகும். ஆதலின் இவ்விஷயத்தை அடிப்படையிலிருந்தே ஆராய்தல் நலம்.

கரைதலும் தெவிட்டுதலும்

ஒரு குவளை நீரில் சிறிது உப்பைப் போட்டுக் கலக்கினால் உப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. அது அழிந்துபோகவில்லை என்பதற்கு நீரின் கரிப்பே சாட்சி. உப்பின் நுண்ணிய துகள்களை நீரின் துகள்கள் சூழ்ந்து பிரித்து, எங்கும் சமமாகப் பரப்பிவிடுகின்றன. மேலும் மேலும் உப்பைப் போட்டுக்கொண்டே போனால் ஒரு நிலையில் உப்பு கரையாமல் அடியில் தங்கும். எவ்வளவு கலக்கினாலும் அது குறைவதில்லை. இந்நிலையை அடைந்த நீரே தெவிட்டிய கரைசல் எனப்படும். வயிறு நிரம்பியவனுக்குச் சர்க்கரைப் பொங்கல் தெவிட்டுவதுபோல, இந்நீருக்கு உப்பு தெவிட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் இரண்டு விஷயங்களை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கரையும் வேகம் வேறு, கரையும் எல்லை வேறு. பொருளைப் பொடியாக்கினாலும் நீரைக் கலக்கினாலும் வேகம் கூடுமேயன்றி எல்லை உயராது. இரண்டாவது, ஒரு பொருளுக்குத் தெவிட்டிய நீர் மற்றொரு பொருளுக்குத் தெவிட்டியதாகாது. உப்பு கரையாமல் அடியில் தங்கிய அதே நீரில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டால் அது தடையின்றிக் கரைவதைக் காணலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை

நம் ஊர் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீரில் கறியுப்பு உத்தேசமாக 360 கிராம் வரை கரையும். மூரியேட் ஆப் பொட்டாஷ் சுமார் 340 கிராமும், அம்மோனியம் சல்பேட் சுமார் 750 கிராமும், யூரியா ஒரு கிலோவுக்கு மேலும் கரையும். ஜிப்ஸமோ லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராம் மட்டுமே கரையும். நீற்றிய சுண்ணாம்பு அதனினும் குறைவாக 1.7 கிராம் அளவே கரையும். சுண்ணாம்புக் கல்லோ தூய நீரில் ஒரு கிராமில் எழுபதில் ஒரு பங்குதான் கரையும்.

நீரைக் காய்ச்சினால் எல்லாப் பொருளும் அதிகமாகக் கரையும் என்பது பொதுவான எண்ணம். அது முற்றும் சரியன்று. வெடியுப்பு 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 316 கிராம் கரைய, கொதிநீரில் இரண்டரைக் கிலோ அளவு கரைகின்றது. கறியுப்போ 360 கிராமிலிருந்து 390 கிராமுக்கே உயர்கின்றது. முற்காலத்தில் ஊர்ப்புறத்து மண்ணைக் கரைத்து வடித்து வெடியுப்புக் காய்ச்சியவர்கள் இவ்வேற்றுமையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். காய்ச்சிச் சுண்டிய நீரில் கறியுப்பு முதலில் அடியில் படியும். தெளிவை இறுத்து ஆறவிட்டால் வெடியுப்பு ஊசி ஊசியாய்ப் படிகமாகும். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறாக, நீர் சூடேற ஏறக் குறைவாகவே கரையும். ஜிப்ஸத்தின் எல்லை வயல் நீரின் உஷ்ண வேறுபாட்டினால் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே கோடையில் இட்டால் அதிகம் கரையும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

களர் உண்டாகும் விதம்

நிலம் களரானதும் இத்தெவிட்டும் நியதியினாலேயே. பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது கால்சியம், மக்னீசியம், சோடியம் முதலியவை பைகார்பனேட்டுகளாக ஜலத்தில் கரைந்து வருகின்றன. வடிகால் நன்றாக அமைந்த நிலத்தில் இவை ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். வடிகாலற்ற தாழ்வான நிலத்தில் நீர் வெயிலில் சுண்டும். சுண்டச் சுண்ட முதலில் தெவிட்டுவது சுண்ணாம்புக் கல்லே, ஏனெனில் அதன் எல்லை மிகச் சிறிது. அது மண்ணுக்குள் சுக்கான் கற்களாய்ப் படிந்துவிடுகின்றது. சோடியத்தின் கார்பனேட்டோ லிட்டருக்கு இருநூறு கிராமுக்கு மேல் கரையவல்லது. எனவே அது தெவிட்டாமல் கடைசி வரை நீரிலேயே நின்று, மேன்மேலும் செறிவடைகின்றது.

கால்சியம் கல்லாய்ப் படிய, சோடியம் நீரில் மிஞ்ச, அச்சோடியம் களிமண் துகள்களில் ஏறி அமர்ந்துகொள்கின்றது. கால்சியம் பற்றிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று கூடிச் சிறு சிறு கட்டிகளாய் நிற்கும், அவற்றின் இடையே காற்றும் நீரும் செல்லும். சோடியம் பற்றிய துகள்களோ நனைந்ததும் பிரிந்து சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஜலம் இறங்காது, வேர் மூச்சுவிடாது. மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேலும், களிமண் பற்றியுள்ள அயனிகளில் சோடியத்தின் பங்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேலும் இருந்தால் அது களர் என்று மண் பரிசோதனையில் தீர்மானிக்கப்படும். உவர் நிலம் வேறு. அங்கே கரையும் உப்புகள் மிகுந்திருக்குமேயன்றி மண்ணின் கட்டு கெட்டிராது. உவர் நிலத்திற்கு நல்ல நீரும் வடிகாலும் போதும். களர் நிலத்திற்கு அவற்றுடன் கால்சியமும் வேண்டும்.

சில கிணறுகளின் நீரே இத்தீமையைச் செய்யும். பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் நல்ல நிலமும் சில ஆண்டுகளில் களராகும். லிட்டருக்கு எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5 மில்லி ஈக்விவலண்டுக்கு மேற்பட்ட நீர் பாசனத்திற்கு ஆகாது என்பது விஞ்ஞானிகள் கொண்டுள்ள அளவு. எனவே மண்ணைப் போலவே கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்புதல் அவசியம்.

ஜிப்ஸம் செய்யும் வேலை

ஜிப்ஸம் என்பது கால்சியமும் கந்தகமும் கொண்ட ஓர் உப்பு. தூய ஜிப்ஸத்தில் நூற்றுக்கு 23 பங்கு கால்சியமும் 18 பங்குக்கு மேல் கந்தகமும் உண்டு. இதைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை என்பதற்குத் திருச்சிராப்பள்ளிப் பிரதேசத்தின் பூமியே சான்று. ஊட்டத்தூர், காரை முதலிய இடங்களில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் பாறைகளின் வெடிப்புகளில், வெண்ணிற ஜிப்ஸம் நரம்புகள்போல் ஓடிக் கிடக்கின்றது. பிளான்போர்டு என்னும் நிலவியல் அறிஞர் இப்பாறைகளை ஆராய்ந்து 1862-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். ஜலத்தில் கரைந்து வந்தது வெடிப்புகளில் தெவிட்டிப் படிந்ததே அந்நரம்புகள்.

ஜிப்ஸம் களர் மண்ணில் கரைந்ததும் அதன் கால்சியம் களிமண்ணிலுள்ள சோடியத்தை விலக்கிவிட்டு அவ்விடத்தில் அமர்கின்றது. விலகிய சோடியம், ஜிப்ஸத்தின் சல்பேட்டுடன் சேர்ந்து சோடியம் சல்பேட்டாக நீரில் நிற்கின்றது. இங்கே கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. வெறும் நீரில் 2.4 கிராமோடு ஜிப்ஸம் கரைவது நின்றுவிடும். களர் மண்ணிலோ, கரைந்த கால்சியத்தைக் களிமண் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் நீர் தெவிட்டாமலேயே இருக்கின்றது. தெவிட்டாத நீர் மேலும் ஜிப்ஸத்தைக் கரைக்கின்றது. இவ்வாறு மண்ணின் பசி தீருமளவும் கரைதல் நிகழும். ஆகவே ஜிப்ஸம் களர் மண்ணோடு நெருங்கிக் கலந்திருப்பதே முக்கியம். வயலின் ஒரு மூலையில் குவியலாய்க் கிடக்கும் ஜிப்ஸத்தைச் சுற்றியுள்ள நீர் விரைவில் தெவிட்டிவிடும். குவியல் அப்படியே கிடக்க, நான்கடி தள்ளியுள்ள களர் அப்படியே நிற்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கும் நீர் சுமார் 40,500 லிட்டர் ஆகும். லிட்டருக்கு 2.4 கிராம் வீதம் அது கரைக்கக்கூடிய ஜிப்ஸம் ஏறக்குறைய 97 கிலோ. பத்து சென்டிமீட்டர் நீரைத் தேக்கினால் சுமார் 970 கிலோ கரையும். ஒரு குடியானவர் மண் பரிசோதனைப்படி ஏக்கருக்கு இரண்டு டன் இடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் நீரின் கணக்குப்படி அது முழுவதும் கரைய 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் வேண்டும். மண் கால்சியத்தை எடுத்துக்கொள்வதால் உண்மையில் இதற்குக் குறைந்த நீரே போதுமானதாகலாம். எனினும் ஒரு நனைப்பில் எல்லாம் கரைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு என்பது இக்கணக்கினால் விளங்கும். ஒரு தூறலை நம்பி ஜிப்ஸத்தைத் தூவிவிட்டுப் பலனில்லை என்பார் இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே கணக்கு மற்றோர் எச்சரிக்கையையும் தருகின்றது. ஜிப்ஸம் இட்டு நீர் தேக்கிய மறுகணமே மேல்நீரை வடித்துவிட்டால், கரைந்த கால்சியம் மண்ணைச் சேராமல் வாய்க்காலோடு போய்விடும். நீர் நின்று மண்ணுள் இறங்க அவகாசம் கொடுத்த பின்னரே எஞ்சியதை வடிக்க வேண்டும்.

நிலத்தில் செய்ய வேண்டியவை

முதலில் வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, நன்றாகச் சமன் செய்து, உறுதியான வரப்புகள் அமைக்க வேண்டும். மேடும் பள்ளமுமான வயலில் நீர் ஒரேயளவாய் நிற்காது. மேட்டில் இட்ட ஜிப்ஸம் கரையாது, பள்ளத்தில் இட்டது தேவைக்கு மேல் கரையும்.

இரண்டாவதாக, வடிகால் வெட்டாமல் ஜிப்ஸம் வாங்குவதில் பொருளில்லை. விலகிய சோடியம் சல்பேட் வெளியேற வழியில்லாவிடில் அது வெயிலில் மீண்டும் சுண்டி, தன் உப்பினால் பயிரை வாட்டும்.

மூன்றாவதாக, மண் பரிசோதனை நிலையம் கூறும் ஜிப்ஸத் தேவையில் பாதியளவை, அதாவது நூற்றுக்கு ஐம்பது பங்கை, நைஸான தூளாக வயல் முழுவதும் சீராகத் தூவி, மேல்மண்ணோடு கலக்கும்படி ஆழமின்றி உழவேண்டும். ஆழ உழுதால் ஜிப்ஸம் அதிக மண்ணில் பரவி வலிமை குன்றும். பிறகு நீரைத் தேக்கி, மண்ணில் ஊறவிட்டு, எஞ்சியதை வடிகாலில் விடவேண்டும். வடியும் நீர் சில வேளை கஷாயம்போல் பழுப்பாக இருக்கும். காரத்தில் கரைந்த மக்குப் பொருளே அந்நிறத்திற்குக் காரணம். தேக்குவதையும் வடிப்பதையும் பலமுறை திரும்பச் செய்தல் வேண்டும். வாய்க்காலில் நல்ல ஆற்றுநீர் வரும் காலமே இதற்கு ஏற்றது.

நான்காவதாக, நடவுக்குப் பத்து முதல் பதினைந்து நாட்களுக்கு முன் ஏக்கருக்கு இரண்டு டன் தழையுரம் மிதித்தல் நன்று. தக்கைப்பூண்டு களரைத் தாங்கி வளருமாதலால் அதை வயலிலேயே விதைத்து மடக்கி உழலாம். தழை மக்கும்போது கரியமில வாயு உண்டாகின்றது. அவ்வாயு கலந்த நீரில் சுண்ணாம்புக் கல் தூய நீரில் கரைவதைப்போல் பன்மடங்கு கரையும். களர் உண்டானபோது சுக்கான் கல்லாய்ச் சிறைப்பட்ட கால்சியம் இவ்வாறு மெல்ல விடுதலை பெறுகின்றது. நெற்பயிரின் வேர்களும் இதே உதவியைச் செய்கின்றன. களர் நிலத்தில் முதலில் நெல் சாகுபடி செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவதாக, ஏற்ற ரகத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஸ்ரீரங்கம் தாலுகாவைச் சேர்ந்த நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை நிலமே களர் பாய்ந்தது. அங்கு உருவாகிய டி.ஆர்.ஒய். 1 என்னும் நெல் 1995-லும், டி.ஆர்.ஒய். 3 என்பது 2010-லும் வெளியிடப்பட்டன. இவை களரைத் தாங்கி விளையும் ரகங்கள். ஆயினும் தாங்கும் ரகம் நிலத்தைத் திருத்திவிடாது. நிலம் திருந்தும் காலத்தில் குடியானவருக்குக் கைகொடுப்பதே அதன் உதவி.

ஆறாவதாக, துத்தநாகத்தை மறத்தலாகாது. கார மண்ணில் துத்தநாகம் கரையாத உருவை அடைந்துவிடுவதால், மண்ணில் அது இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. நெல்லின் இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் இதன் அறிகுறி. சாதாரண நிலத்திற்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதுபோல, களர் நிலத்திற்கு 37.5 கிலோ இடவேண்டும். தழைச்சத்தையும் நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாக இடுதல் வேண்டும்.

கிணற்று நீரே காரமாயிருந்தால், அதை ஜிப்ஸக் கட்டிகள் நிரப்பிய தொட்டியின் வழியே செலுத்திப் பாய்ச்சலாம். எஞ்சிய சோடியம் கார்பனேட்டின் ஒவ்வொரு மில்லி ஈக்விவலண்டுக்கும் லிட்டருக்கு 86 மில்லிகிராம் தூய ஜிப்ஸம் தேவை. ஐந்து சென்டிமீட்டர் பாய்ச்சலுக்கு ஏக்கருக்குச் சுமார் 17 கிலோ என்று இது கணக்காகும். தொட்டியிலுள்ள கட்டிகள் கரைந்து குறைவதைக் கவனித்து அவ்வப்போது நிரப்பி வரவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனை

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் மழைநீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி களர் மண்ணைப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்ஸத் தூள் சேர்த்து மறுபடியும் குலுக்கி, இரண்டையும் இரவு முழுவதும் அசையாமல் வைத்தல் வேண்டும். காலையில் ஜிப்ஸம் இட்ட புட்டியில் மண் அடியில் தங்கி நீர் தெளிந்திருக்கும். மற்றது கலங்கலாகவே இருக்கும். வயலில் நீர் இறங்குவதும் இறங்காததும் இவ்வேற்றுமையே. உவர் மட்டும் உள்ள மண்ணாயின், ஜிப்ஸம் இடாத புட்டியும் தெளிந்துவிடும். இது மண் பரிசோதனைக்கு ஈடாகாது எனினும், ஊர்க்கூட்டத்தில் பலர் கண்முன் செய்து காட்டத்தக்கது.

உரக் கரைசல்களில் இதே நியதி

பயறு வகைகளுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும்போது, லிட்டருக்கு 20 கிராம் உரம் இரவு முழுவதும் ஊறவைக்கப்படுகின்றது. காலையில் அடியில் கசடு தங்குகின்றது. நீர் தெவிட்டிவிட்டதென்று எண்ணி மேலும் நீர் சேர்ப்போர் உண்டு. இது பிசகு. அவ்வுரம் லிட்டருக்கு 500 கிராமுக்கு மேல் கரையவல்லது, 20 கிராமில் தெவிட்ட வழியில்லை. தங்கியது உரத்தோடு வந்த கரையாத கசடேயாகும். தெளிவை மட்டும் இறுத்து வடிகட்டித் தெளிப்பதே முறை.

வாழைக்குச் சொட்டுநீரில் உரம் விடுவோர், வெள்ளைப் பொட்டாஷையே உபயோகித்தல் நலம். சிவப்புப் பொட்டாஷிலுள்ள இரும்புக் கசடு கரையாது, குழாயின் துளையை அடைக்கும். கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட் உரங்களோடோ மணிச்சத்து உரங்களோடோ ஒரே தொட்டியில் கலத்தலும் கூடாது. தனித்தனியே நன்கு கரையும் இவை ஒன்றுசேர்ந்தவுடன், ஜிப்ஸமாகவோ கால்சியம் பாஸ்பேட்டாகவோ மாறி, அவற்றின் சிறிய எல்லையைத் தாண்டிப் படிந்துவிடும். வயலுக்கு மருந்தாகும் ஜிப்ஸம் குழாய்க்குள் அடைப்பாகிவிடும். இடத்தையும் அளவையும் அறிந்து கையாளுதலே விவேகம்.

முடிவாக, களர் நிலத்தைத் திருத்த முனைவோர் மூன்று கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஜிப்ஸம் கரையப் போதிய நீர் உண்டா? கரைந்தது மண்ணில் கலக்க அவகாசம் உண்டா? விலகிய சோடியம் வெளியேற வடிகால் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தபின் ஜிப்ஸத்திற்கு வண்டி கட்டலாம். ஒன்றேனும் இல்லையாயின் முதலில் அதைச் சரிசெய்து, மண்ணையும் நீரையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த போகத்திற்கு ஆயத்தம் செய்தல் நன்று.